உப்புவெளிச் சுவர்

உப்புவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ரிப்கா உடனே வீதியைக் கடக்கவில்லை. எதிர்ப்பக்கக் கடையில் ஒரு சோடா வாங்கி, கடைக்காரர் இழுத்துப்போட்ட பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, விருந்தினர் விடுதியின் முற்றத்தில் நின்ற அந்தச் சுவரைப் பார்த்தாள். இரும்புச் சட்டத்தில் பலகை அடித்து, அதில் சிவப்பும் மஞ்சளுமாகக் கைப்பிடிகள் பூட்டியிருந்தார்கள். பக்கத்துத் தென்னைகளில் பாதி உயரம் இருக்கும். உச்சியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அரைக் காற்சட்டையோடு தொங்கிக்கொண்டு, கீழே கயிறு பிடித்து நின்றவனிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள். வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்த இருவர் போனை உயர்த்தி அவளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. ரிப்காவுக்கு அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

அவள் சரக்குக் கப்பல்களைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் கொம்பனியில் சர்வேயர். வந்த கோதுமை ஈரப்பட்டிருக்கிறதா, பூச்சி பிடித்திருக்கிறதா, சொன்ன நிறை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது வேலை. கொழும்பில் சில வருடங்கள் அதைச் செய்தாள். அங்கே கப்பல் இறங்குதுறையோடு அணைந்து நிற்கும். கைபிடி வைத்த படிக்கட்டு இறக்குவார்கள். பள்ளிக்கூட மாடிக்கு ஏறுவதுபோல ஏறிப் போய்விடலாம். வாப்பா மௌத்தான பிறகு சம்மாந்துறையில் உம்மா தனித்துப்போனதால், கொஞ்சமாவது கிட்ட வந்துவிட வேண்டும் என்று தானே கேட்டுத் திருகோணமலைக்கு மாற்றம் எடுத்தாள். லிங்கநகரில் ஒரு அறை கிடைத்தது. யன்னலைத் திறந்தால் காற்று வந்தது. எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது.

இங்கே பெரிய கப்பல்கள் பல, துறைக்குள் வராமல் கொட்டியார் குடாவிலேயே நங்கூரம் போட்டுவிடும் என்பதும், லோஞ்ச் என்ற சின்ன இயந்திரப் படகில் போய், கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறித்தான் மேலே போக வேண்டும் என்பதும் அவளுக்கு வரமுதலே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த ஏணியைக் கையால் பிடிப்பது வேறு. முதல் கப்பலுக்குப் போனபோது கடல் அவ்வளவு மோசமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். லோஞ்ச் ஓட்டும் வீரக்குட்டி, அலை தூக்கும்போது காலை வைக்க வேண்டும், வைத்தால் நிற்கக்கூடாது, விறுவிறென்று ஏறிவிட வேண்டும் என்று சொல்லித் தந்தார். அவளும் வைத்தாள். நாலைந்து படி ஏறியிருப்பாள். கீழே லோஞ்ச் விலகியது. லோஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் வாயைத் திறந்து மூடியது. அதற்குப் பிறகு கைகள் அவளுடைய சொல்லைக் கேட்கவில்லை. மேலே போ என்றாலும் போகவில்லை, கீழே வா என்றாலும் வரவில்லை. கப்பலின் விளிம்பில் பிலிப்பினோ மாலுமிகள் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். கடைசியில் வீரக்குட்டி லோஞ்சை மறுபடி அணைத்து, தன் ஆளிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, அவளுடைய உயிர்காப்பு அங்கியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கயிற்றை இறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் இறக்கினார். அந்நியப் பெண்ணின் கையைத் தொட்டுவிட்டேன் என்று கரை வந்து சேரும்வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அவளுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

மனேஜர் கலீலுர் றஹ்மான் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை வேறு வேலை பார்ப்பதுபோல் இருந்தார்.

“பயம் வாறதுல ஒரு குத்தமுமில்ல. மாதக் கடைசியில இன்னொரு கப்பல் இரிக்கு, அதுல ஏறிப் பாருங்க. ஏலாட்டி ஏலாதுண்டு சொல்லிடுங்க. ஆனா மகள், எனக்கு இங்க ரெண்டு சர்வேயர்தான்.”

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. அவளுடைய கொழும்பு மேசையில் ஏற்கெனவே வேறொருவர் வந்து இருந்தாயிற்று. தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்துகொண்டிருந்தது. வடகிழக்கு வாடைக் காற்று தொடங்கினால் குடாவில் அலை இன்னும் எழும்பும். உம்மா போனில் வேலை எப்படி என்று கேட்கும்போதெல்லாம், அலுவலகத்துக்குள்ளேதான், குளிரூட்டி இருக்கிறது என்று சொன்னாள்.

ஏறிப் பழக இடம் இருக்கிறதா என்று போனில் தேடியபோதுதான், இந்தச் சின்ன நகரத்தில் இரண்டு இடம் இருப்பது தெரிந்தது. ஒன்று இந்த உப்புவெளிச் சுவர். மற்றது டவுனில், ஒரு ஜிம்மின் மேல்மாடியில். டவுனில் இருந்ததன் படத்தில் சுவர் மிகவும் குட்டையாகத் தெரிந்ததால்தான் முதலில் இங்கே வந்தாள்.

சோடா முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்து, படமெடுத்தவர்கள் போனபின் வீதியைக் கடந்தாள். சுவரைப் பார்த்துக்கொள்பவன் பெயர் றமேஸ். மெலிந்த, அதிகம் கதைக்காத ஆள். அவள் கேட்காமலே கயிற்றை எடுத்து நீளவாட்டில் தடவிக் காட்டினான், கொக்கிகளைத் திறந்து மூடிக் காட்டினான். கண்ணுக்கு எல்லாம் புதிதாக இருந்தது. பரிசோதித்துப் பழகிய அவளுடைய மனம் அந்த இடத்தில் ஒரு குறையும் காணவில்லை. உடுப்பு மாற்றத் தேவையில்லை, நீளச் சட்டைக்கு மேலாலேயே இடுப்புப் பட்டியைக் கட்டலாம் என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, பட்டியின் கொளுவியைத் தான்தான் இழுத்துப் பார்க்க வேண்டிவரும் என்றும், முந்தி அதற்கு ஒரு பெண் இருந்தவ, இப்போது வருவதில்லை என்றும் சொன்னான். யோசித்துவிட்டு வருகிறேன் என்று ரிப்கா கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போது அவள் கண்ணுக்குள் ஓடியது ஒரே படம்தான். முக்காடு போட்ட ஒருத்தி சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு அழுகிறாள். அது போன் போனாகப் பக்கத்துக் கிண்ணியாவில் தொடங்கிச் சம்மாந்துறைக்கு ஒரு பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். போய்ச் சேரும் இடத்தில் உம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பா.

அதனால் அடுத்த நாள் காலை டவுனுக்குப் போனாள். கீழ்மாடியில் ஆண்கள் இரும்பு தூக்கும் கூடம். மேல்மாடிக்குத் தனிப் படி, கதவுக்குத் தடித்த திரை. காலையில் பெண்களுக்கு மட்டும். உள்ளே ஒரு பக்கம் முழுக்கப் பலகைச் சுவர், நிலம் முழுக்க மெத்தை. கையை உயர்த்திக் கொஞ்சம் எம்பினால் பாதிச் சுவர் வந்துவிடும். கயிறும் இல்லை, பட்டியும் இல்லை. விழுந்தால் மெத்தை. அங்கே பழக்குபவள் பஸ்மியா. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வருகிறவள். நாற்பதை நெருங்கியிருப்பாள், கனத்த உடம்பு, கனத்த குரல். கட்டாரில் பெண்களுக்கான ஒரு கிளைம்பிங் ஜிம்மில் கூட்டித் துடைக்கப் போய், அங்கேயே ஏறவும் கயிறு பிடிக்கவும் பழகிக்கொண்டு வந்தவள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். ரிப்காவும் அவர்களைப்போல அவளை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

அந்தக் காலைகள் சந்தோசமாக இருந்தன. முக்காட்டைக் கழற்றிக் கொண்டையை இறுக்கிக்கொண்டு ஏறலாம். விழுந்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். யாராவது அப்பம் கொண்டுவந்தார்கள். விரல் நுனிகள் சிவந்து தடித்தன. முன்னங்கையில் இதுவரை இல்லாத ஒரு நரம்பு எழும்பி நின்றது. இடத்தைத் தெரிந்தெடுத்தாயிற்று என்று ரிப்கா நினைத்தாள். ஒரு காலை, சுவரின் உச்சிப் பலகையில் வயிற்றைப் போட்டுக் கிடந்தபடி, கீழே நின்ற ஒருத்தியோடு மீன் விலை கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. தனக்கு இங்கே பயமே வரவில்லை. ஒருநாள்கூட வரவில்லை. கை எவ்வளவு பலமானாலும் என்ன, அன்று கை பலமில்லாமலா போனது? பலம் இருந்தபடியால்தானே விரல்களைக் கழற்ற வேண்டியிருந்தது. வராத பயத்தோடு எப்படிப் பழகுவது? மெத்தையில் குதித்து இறங்கியபோது முகம் வெளிறியிருந்திருக்க வேண்டும். பஸ்மியா தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மற்றவர்கள் போனபின் ரிப்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஏணி, பச்சைத் தண்ணீர், கலீலுர் றஹ்மானின் பிளேன்டீ, உம்மாவுக்குச் சொல்லும் பொய், உப்புவெளியில் பார்த்த போன். இந்த இடத்தை விட்டுப் போகப் போகிறேன் என்று சொல்லத்தான் தொடங்கினாள், ஆனால் அது வாயில் வரவில்லை. பஸ்மியாவுக்கு அது விளங்கியது.

“என்ட சுவர் குட்டைச் சுவர்தானே. எனக்குத் தெரியும்” என்றாள்.

பிறகு மெத்தைகளைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபடியே, உப்புவெளியில் பட்டியைச் சரிபார்க்க முந்தி இருந்த பெண் தான்தான் என்றாள். ஒரு சீசன் முழுக்க அங்கே கயிறு பிடித்திருக்கிறாள். யாரோ அவளுடைய நானாவிடம் போய், உன் தங்கச்சி வெள்ளைக்கார ஆண்களைக் கயிற்றில் ஏற்றி இறக்குகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“அவரு சத்தம் போடல்ல. என்ட ஊட்டுல சாப்பிடுறத நிப்பாட்டிட்டாரு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சா என்ட ஊட்டுலதான் சாப்பாடு, சின்ன வயசில இருந்து. நான் சோத்த மூடி வெச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பன்.”

டவுனில் பெண்களுக்கு மட்டும் என்று வந்த பிறகுதான் அவர் திரும்பவும் சாப்பிட வந்தாராம். ரிப்கா ஒரு மெத்தையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். பஸ்மியா கடைசி மெத்தையையும் சாய்த்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவளும் அன்று எதையோ சொல்லத்தான் வந்தவள்போல, கயிறு பிடிக்காமல் கை சும்மா கிடக்கிறது, அது ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். நாளைப் பின்னேரம் உப்புவெளிக்கு வருகிறேன், கயிற்றைத் தான் பிடிக்கிறேன் என்றும் சொன்னாள். வேண்டாம் ராத்தா என்று ரிப்கா சொன்னாள். சொல்லும்போதே, பஸ்மியா அதைக் கேட்டு வராமல் இருந்துவிடக்கூடாதே என்று பயந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் பஸ்மியா கறுப்பு அபாயாவோடு உப்புவெளிக்கு வந்தாள். றமேஸ் கயிற்றைக் கொண்டுவந்து அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, மரியாதையாகத் தள்ளிப் போய் நின்றான். சீசன் முடிகிற நேரம், விடுதியில் ஆட்கள் குறைவு. ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்மியா பட்டியை இழுத்து இழுத்துச் சரிபார்த்தாள். அதிலிருந்து சுவரின் உச்சி வளையத்தினூடாகப் போய் இறங்கிய கயிற்றின் மறுபக்கத்தைத் தன் இடுப்பில் கொளுவிக்கொண்டாள். ரிப்கா பிஸ்மி சொல்லிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

டவுன் சுவரின் உயரம் முடிந்த இடம்வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்கு மேலே காற்று தொடங்கியது. தென்னோலைகள் காதுக்குப் பக்கத்தில் சரசரத்தன. கூரை ஓடுகள் தெரிந்தன, பிறகு கூரைக்கு அப்பால் கடல் தெரிந்தது. மேலே ஏறினாள். உச்சிப் பிடியில் இரண்டு கையையும் வைத்தாள். கீழேயிருந்து றமேஸ், கையை விட்டுட்டுக் கயிற்றில் இருங்கோ என்றான். அவள் விட நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. அதே விரல்கள். வயிற்றுக்குள் குளிர்ந்தது. தன் மூச்சு இரைவது தனக்கே கேட்டது. இனி றமேஸ் ஏணி கொண்டுவந்து விரல்களைக் கழற்றுவான், இனி இதையும் யாராவது படமெடுப்பார்கள், இனி கலீலுர் றஹ்மான் இன்னொரு பிளேன்டீ வரவழைப்பார் என்று நினைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது.

கீழேயிருந்து பஸ்மியாவின் குரல் வந்தது. அவள் உரத்துக் கத்தவில்லை.

“ரிப்கா, கைய விடச் சொல்லல்ல நான். இப்ப நான் பின்னுக்குச் சாயுறன். இடுப்புல இறுகுதாண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

இடுப்பில் பட்டி மெல்ல இறுகியது. யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவதுபோல் இருந்தது.

“இறுகுது” என்றாள் ரிப்கா. குரல் கீழே போயிருக்குமோ தெரியவில்லை.

“அது நான்தான். ஒங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுங்க. அஸர் தொழுக மட்டும் தவறக்கூடாது.”

அந்தக் கடைசி வசனத்துக்கு ரிப்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இடது கையின் சின்ன விரலை எடுத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த விரல். பிறகு கை முழுவதும். பட்டி இறுகியபடியே இருந்தது. வலது கையையும் எடுத்தபோது உடம்பு பின்னால் சாய்ந்தது, கால் இரண்டும் சுவரில் பதிந்தன. அப்படியே ஆகாயத்தில் இருந்தாள். பஸ்மியா கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட, சுவர் மேலே போவதும் அவள் கீழே வருவதுமாக இருந்தது.

பாதி வழியில்தான் வேலியைப் பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதிலிருந்தவன் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். அவன் படமெடுத்தானா, யாரோடாவது கதைத்துக்கொண்டிருந்தானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கால் நிலத்தில் பட்டதும் றமேஸிடம் சொன்னாள். அவன் வேலிப் பக்கம் ஓடிப்போவதற்குள் மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பஸ்மியா திரும்பியே பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் சுருட்டியதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

அதற்குப் பிறகு மாதக் கடைசிவரைக்கும் அவர்கள் அங்கேதான் போனார்கள். ஒவ்வொருமுறையும் உச்சியில் அந்தக் குளிர் வந்தது. ஒருமுறைகூட வராமல் விடவில்லை. வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ரிப்கா காலையில் எழும்பியதும் முதலில் போனைத்தான் பார்த்தாள், யாராவது எதையாவது அனுப்பியிருக்கிறார்களா என்று. ஒன்றும் வரவில்லை. வராததால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா, இன்னும் தன்னிடம் வந்து சேரவில்லை என்று அர்த்தமா என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை, நேற்று நானா சாப்பிட வந்தாரா என்று பஸ்மியாவிடம் கேட்டாள். வரவில்லை, வேலையாக இருக்கும் என்று பஸ்மியா சொன்னாள். பட்டியை வழமையைவிடக் கூடுதலாக இழுத்துச் சரிபார்த்தாள். ரிப்காவுக்கு மேலே கேட்கத் துணிவு வரவில்லை. இனி வர வேண்டாம் ராத்தா என்று சொல்லவும் வரவில்லை. கப்பலுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

கப்பல் வந்த அன்று வானம் மூடிக் கிடந்தது. காற்று திசை மாறியிருந்தது. வீரக்குட்டி அவளைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய ஆள் லோஞ்சின் முன்பக்கத்தில் ஒரு தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றதை ரிப்கா கண்டாள். தன் விரல்களைக் கழற்ற வேண்டிவந்தால் என்றுதான் அந்தக் கையுறை என்று நினைத்ததும் அவளுக்குக் காது சூடேறியது. கப்பலின் சிவப்பு இரும்பு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஏணி அதில் மோதி மோதித் தொங்கியது. இங்கே இடுப்பில் பட்டி இல்லை, கீழே ஒருவரும் பின்னுக்குச் சாயப்போவதில்லை. அலை லோஞ்சைத் தூக்கியது. அவள் காலை வைத்தாள்.

குளிர் வந்தது. லோஞ்ச் விலகிய அதே நொடியில் வந்தது. அவள் ஒரு கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் சின்ன விரலை எடுத்தாள், பிறகு கையை எடுத்தாள், மேலே வைத்தாள். பிறகு மற்றக் கை. ஏணியின் படிப் பலகைகள் ஈரமாக இருந்தன. எத்தனை படி என்று எண்ணவில்லை, கீழே பார்க்கவுமில்லை. ஒரு இடத்தில் ஏணி முறுகி, தோள் கப்பலில் மோதியது. நின்றாள். மூச்சு வந்தபின் ஏறினாள். யாரோ அவளுடைய அங்கியின் தோள்பட்டியைப் பிடித்து உள்ளே இழுத்தபோது, மேல்தட்டில் முழங்காலில் விழுந்தாள். எண்ணெயும் கோதுமையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது.

வேலையை முறையாகச் செய்தாள். சரக்கறைகளைத் திறக்கவைத்து மாதிரி எடுத்தாள், உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்தாள், பைகளைக் கட்டி முத்திரை வைத்தாள். கப்பலின் மூத்த அதிகாரி கோப்பி கொடுத்தார். அவளுக்கே ஆச்சரியமாக, அதை ருசித்துக் குடித்தாள். கலீலுர் றஹ்மானுக்குப் போன் எடுத்து, ஏறிட்டன் சேர், ஈரமில்லை என்று சொன்னாள். பஸ்மியாவுக்கும் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்திருக்கும் நேரம். அவள் அறைக்குள் இருந்தாளா, மூடிவைத்த சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தாளா, யாருக்காவது பரிமாறிக்கொண்டிருந்தாளா என்று ரிப்கா யோசித்தாள்.

வேலை முடிந்து விளிம்புக்கு வந்தபோதுதான், ஏணியின் மேல்முனையைப் பார்த்து நின்றாள். ஏறும்போது அடுத்த படி கண்ணுக்கு முன்னால் இருந்தது. இப்போது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காணாத ஒரு படியைக் காலால் தேடி இறங்க வேண்டும். டவுனில் மெத்தையில் குதித்தாள். உப்புவெளியில் பஸ்மியாவின் கயிறு இறக்கியது. தன் காலால் இறங்கி அவள் ஒருநாளும் பழகவில்லை. அதைப் பழக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. காற்று கூடியிருந்தது. கீழே லோஞ்ச் ஒரு தீப்பெட்டி அளவில் எழும்பித் தாழ்ந்தது. வீரக்குட்டியின் முகம் அண்ணாந்திருந்தது.

விளிம்பின் இரும்புக் கம்பிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி நின்றாள். வலது காலைப் பின்னால் இறக்கினாள். சப்பாத்து வெறும் காற்றில் இங்கும் அங்கும் தடவியது. அவளுக்கு முன்னால் ஒரு இளம் மாலுமி குந்தியிருந்து, அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிக் கீழே பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் அவள் முகத்துக்கு நேரே தூக்கி, நடுவில் ஒரு சின்ன இடைவெளி காட்டினான், இன்னும் இவ்வளவுதான் என்பதுபோல. ரிப்கா அந்த இடைவெளியைப் பார்த்தபடியே காலை இன்னும் கொஞ்சம் கீழே நீட்டினாள்.